ஜன்னல் அறை அப்பா அம்மாவுக்கு, உள்ளறை உங்களுக்கு

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு,

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அல்லது வரப்போகிறார்கள். மரினா பே, செந்தோசா, தேக்கா, வீரமாகாளியம்மன் கோயில் எல்லாம் காட்டியாகிவிட்டது. “ஒரு தடவை கப்பலிலும் கூட்டிக்கொண்டு போய்விடலாம்” என்று நினைக்கிறீர்கள். மூன்று இரவு அல்லது நான்கு இரவு. பினாங்கு, புக்கெட், இல்லாவிட்டால் போர்ட் கிளாங். வாழ்நாளில் கடலைக் கரையிலிருந்து மட்டுமே பார்த்த இரண்டு பேரை அதன் நடுவே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் டிக்கெட் போடும்போது நீங்கள் செய்யும் ஒரு காரியம் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கும் குழந்தைகளுக்கும் பால்கனி அறை எடுக்கிறீர்கள். அப்பா அம்மாவுக்கு இன்சைட் கேபின், அதாவது ஜன்னலே இல்லாத உள்ளறை. “தூங்குவதற்கு மட்டும்தானே அறை, மற்ற நேரமெல்லாம் நம்மோடுதானே இருக்கப் போகிறார்கள்” என்று காரணமும் சொல்லிக்கொள்கிறீர்கள். இந்தக் காரணத்தை நான் எத்தனையோ குடும்பங்களில் கேட்டுவிட்டேன். எனக்கு உங்கள் அம்மாவின் வயது. உங்கள் பெற்றோர் உங்களிடம் வாய்திறந்து சொல்லாததை, டெக்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவளிடம் சொல்லிவிடுகிறார்கள். அதைத்தான் உங்களிடம் சேர்க்கிறேன்.

உள்ளறை மட்டமான அறை என்று நான் சொல்ல வரவில்லை. அதில் படுப்பவருக்கும் அதே சாப்பாடு, அதே நீச்சல்குளம், அதே நாடக அரங்கு, அதே துறைமுகம்தான். காலையில் ஏழு மணிக்கு எழுந்து ஓடி, இரவு பன்னிரண்டுக்குத் திரும்பி வந்து விழும் இளைஞருக்கு அதைவிட நல்ல பேரம் கிடையாது. பகலிலும் இருட்டாக இருப்பதால் சிலருக்குத் தூக்கம் அருமையாக வரும். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் இருக்கும் உள்ளறையில் ஆட்டமும் குறைவு. மிச்சமாகும் பணத்தில் இன்னோர் இரவு கூடுதலாகப் போகலாம். உங்களுக்காக நீங்கள் உள்ளறை எடுத்தால் அது சரியான முடிவு. என் கேள்வி எல்லாம், அதை எழுபது வயதுக்காரர்களுக்காக அவர்களைக் கேட்காமல் எடுப்பதைப் பற்றித்தான்.

அந்த அறை எப்படி உண்டாகிறது என்று கொஞ்சம் பாருங்கள். 2014-இல் கட்டி முடிக்கப்பட்டு, பின்னர் சிங்கப்பூரிலிருந்தும் ஓடிய குவாண்டம் ஆஃப் த சீஸ் கப்பலின் அகலம் சுமார் 41 மீட்டர். இவ்வளவு அகலமான கப்பலில் நீளவாக்கில் இரண்டு நடைபாதைகள் ஓடும். ஒவ்வொரு நடைபாதையிலும் ஒரு பக்கத்துக் கதவுகள் கடலைப் பார்த்த அறைகளுக்குப் போகும். எதிர்ப்பக்கத்துக் கதவுகள் கப்பலின் வயிற்றுக்குள் இருக்கும் அறைகளுக்குப் போகும். பின்னதுதான் உள்ளறை. 1984-இல் வந்த ராயல் பிரின்சஸ் கப்பலில் எல்லா அறைகளையும் வெளிப்பக்கம் பார்த்தே அமைத்தார்கள். ஆனால் கப்பல்கள் பெருத்துக்கொண்டே போனபோது நடுவயிற்றில் இருக்கும் இடத்தைச் சும்மா விட யாருக்கும் மனம் வரவில்லை. அந்த இடம் அறையாகி, அறை மலிவு விலையில் விற்பனைக்கு வந்தது.

அதை விற்பவர்களுக்கே அந்த அறையில் என்ன குறை என்று நன்றாகத் தெரியும். 1999-இல் வாயேஜர் ஆஃப் த சீஸ் கப்பலின் நடுவில் ஒரு கடைத்தெருவையே அமைத்து, உள்பக்கத்து அறைகள் சிலவற்றுக்கு அந்தத் தெருவைப் பார்த்து ஜன்னல் வைத்தார்கள். 2011-இல் டிஸ்னி ட்ரீம் கப்பலின் உள்ளறைகளில் வட்டமான திரையைப் பொருத்தி, வெளியே கேமரா பிடிக்கும் கடலை அதில் ஓடவிட்டார்கள். 2014-இல் நேவிகேட்டர் ஆஃப் த சீஸ் கப்பலில் 80 அங்குலத் திரை வந்தது. தரையிலிருந்து கூரை வரை கடல் தெரிவதுபோல ஏற்பாடு, பக்கத்தில் திரைச்சீலை, முன்னால் பொய்யான கைப்பிடிக் கம்பி. இவ்வளவு செலவும் எதற்கு? வெளிச்சமும் வெளியும் தெரியாத அறையில் மனிதனுக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்று தெரிந்ததனால்தானே. நீங்கள் மட்டும் அதில் ஒரு குறையும் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

கப்பலில் வேலை செய்பவர்களுக்கான பன்னாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 2006. ஊழியர்களின் படுக்கையறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் இயற்கை வெளிச்சம் வேண்டும் என்று அது விதித்திருக்கிறது. பயணிகள் கப்பல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கினால்தான் உங்கள் அறையைத் துடைத்து, துண்டில் யானைக்குட்டி மடித்துவைக்கும் அந்தப் பிள்ளைகளில் பலர் மாதக்கணக்கில் ஜன்னல் இல்லாத அறையில் கிடக்கிறார்கள். அவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் உண்டு. அது தனியாகப் பேச வேண்டிய துயரம். இங்கே நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: மனிதன் தூங்கும் அறைக்குள் பகல் வெளிச்சம் வர வேண்டும் என்பதை உலக நாடுகள் கூடி உட்கார்ந்து அடிப்படைத் தேவையாக எழுதிவைத்திருக்கின்றன.

2020 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் டைமண்ட் பிரின்சஸ் கப்பல் 3,711 பேரோடு தனிமைப்படுத்தப்பட்டது. இரண்டு வாரம் பயணிகள் அறையைவிட்டு வெளியே வர முடியவில்லை. பால்கனி வைத்திருந்தவர்கள் பால்கனியில் நின்றார்கள். உள்ளறைக்காரர்களை முறைவைத்துக் கொஞ்ச நேரம் மேல்தளத்துக்குக் கூட்டிப்போய்க் காற்று வாங்கவிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் பாதி கழிந்தபின், முதலில் யாரைக் கரையிறக்குவது என்ற கேள்வி வந்தபோது ஜப்பான் அரசு முன்னுரிமை கொடுத்தது யாருக்குத் தெரியுமா? 80 வயதைத் தாண்டியவர்களில் நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கும், ஜன்னல் இல்லாத அறையில் இருந்தவர்களுக்கும். முதுமையும் ஜன்னலில்லா அறையும் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்று ஓர் அரசாங்கமே கணக்கிட்டது. உங்கள் பயணம் மூன்று இரவுதான், கொள்ளைநோயும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டும் சேரக்கூடாது என்ற கணக்கு மூன்று இரவுக்கும் பொருந்தும்.

மருத்துவமனைகளிலிருந்தும் ஒரு செய்தி. 1972-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அறுவை சிகிச்சை முடிந்தவர்களை ஜன்னல் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஜன்னல் இல்லாத பிரிவிலும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஜன்னல் இல்லாத பிரிவில் புத்தி தடுமாறி, இடம் காலம் புரியாமல் பிதற்றியவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல். 1984-இல் ரோஜர் உல்ரிக் என்பவர் வெளியிட்ட ஆய்வில், ஜன்னல் வழியே மரம் தெரிந்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; வலிக்கு வீரியமான மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. கப்பல் ஆஸ்பத்திரி இல்லை. உங்கள் பெற்றோர் நோயாளிகளும் இல்லை. ஆனால் அம்மாவுக்கு மறதி எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தால், அப்பா மாலையானால் கொஞ்சம் குழம்புகிறார் என்று நீங்கள் கவனித்திருந்தால், இந்தச் செய்தியைத் தள்ளிவிடாதீர்கள்.

உங்களுக்கு அந்த அறை தூங்குவதற்கு மட்டும். அவர்களுக்கு அப்படி இல்லை. இதுதான் நீங்கள் போடும் கணக்கில் விழும் பெரிய ஓட்டை. அவர்கள் எட்டரை மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுகிறார்கள். நாலரைக்கோ ஐந்துக்கோ விழிப்பு வந்துவிடும். மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் சாய வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று நடுவில் ஒருமுறை, மாத்திரை போட ஒருமுறை, பாட்டுச் சத்தம் தாங்கவில்லை என்று ஒருமுறை அறைக்குத் திரும்புவார்கள். நீங்கள் குழந்தைகளோடு சறுக்குமரத்திலும் நீச்சல்குளத்திலும் இருக்கும் நேரத்தில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கப்பலில் அறையை மிக அதிகமாகப் பயன்படுத்தப் போகிறவர்கள் அவர்கள்தான். மிகக் குறைவாகப் பயன்படுத்தப் போகிறவர்கள் நீங்கள். பால்கனியில் நாற்காலி காலியாகக் கிடக்க, நான்கு சுவருக்கு நடுவே இரண்டு பேர் கட்டிலில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

விடியற்காலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பெற்றோர் தலைமுறைக்கு எழுந்ததும் முதல் காரியம் வெளியே பார்ப்பது. வாசல் தெளிக்கிறவர்கள், சூரியனைக் கும்பிடுகிறவர்கள், ஃபஜ்ர் தொழுகிறவர்கள், ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்து வெளுப்பதைப் பார்க்கிறவர்கள், எல்லோருக்கும் அந்த நேரம் சொந்தமானது. உள்ளறையில் அது இல்லை. விளக்கை அணைத்தால் கண்ணுக்கு முன் கையைக் காட்டினாலும் தெரியாது. விளக்கைப் போட்டால் பக்கத்தில் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். மணி பார்க்கப் போனைத் தேட வேண்டும். கப்பல் அறையில் ஊதுபத்தியோ அகல்விளக்கோ ஏற்றக்கூடாது. தீ ஆபத்து என்பதால் அந்தக் கண்டிப்பு சரிதான். ஆகவே விழித்துக்கொண்டே இருட்டில் படுத்திருக்கிறார்கள், நீங்கள் எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் வரை.

ஒருமுறை அதிகாலையில் மின்தூக்கிகளின் முன்னாலிருந்த சிறிய கூடத்தில் ஓர் அம்மாவைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கம். ஒரு மாதமாக மகன் வீட்டில் இருந்துவிட்டுக் கப்பலுக்கு வந்தவர். சேலை கட்டி, தலை சீவி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விடிந்துவிட்டது என்று நினைத்து எழுந்து குளித்துப் புறப்பட்டு வெளியே வந்தாராம். அப்போது மூன்றரை மணி. திரும்பிப் போகலாம் என்றால் எல்லா நடைபாதையும் ஒரே மாதிரி, எல்லாக் கதவும் ஒரே மாதிரி. எண் ஞாபகமில்லை. அறையில் கணவர் காது கேட்காமல் தூங்குகிறார். “பையனை எழுப்ப வேண்டாம்னு இருக்கேன். பாவம், அவனுக்கு லீவே கிடைக்கிறதில்ல” என்றார். நான் அவரை மேல்தளத்துக்கு அழைத்துப்போனேன். கிழக்கே வெளுக்கும் வரை என் கையை அவர் விடவில்லை. அவருடைய மகன் கெட்டவன் இல்லை. காலைச் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன்: அம்மாவுக்குத் தோசை வாங்கி வந்து வைத்து, தேநீரை ஆற்றிக் கொடுத்தான். “நல்லாத் தூங்கினியாம்மா?” என்று கேட்டான். “நல்லாத் தூங்கினேன்பா” என்றார் அந்த அம்மா.

நீங்கள் அந்தப் பதிலைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரவில் எழுந்து கழிவறைக்குப் போவதை நினையுங்கள். வயதானவர்களுக்கு இது ஓர் இரவில் இரண்டு மூன்று முறை நடக்கும். படுத்திருந்து சட்டென்று எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். இருட்டுக்குப் பழகக் கண்ணுக்கு நேரம் பிடிக்கும். கப்பல் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு தடுப்புப் படி உயர்ந்து நிற்கும். இந்த நான்கையும் சேர்த்தால் என்ன நடக்கும் என்று எலும்பு மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். ஜன்னல் இருந்தால் மட்டும் விழமாட்டார்கள் என்றில்லை. ஆனால் திரைச்சீலையை ஒரு கையளவு விலக்கிவைத்தால் நிலா வெளிச்சமோ டெக் விளக்கின் வெளிச்சமோ உள்ளே விழும். படி எங்கே இருக்கிறது என்பதாவது தெரியும்.

அப்பா போய்விட்டு அம்மா மட்டும் இருக்கும் வீடுகளைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. கப்பல் கட்டணம் ஓர் அறைக்கு இரண்டு பேர் என்ற கணக்கில் போடப்படுகிறது. தனியாக ஒருவர் அறை எடுத்தால் பெரும்பாலும் ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட வேண்டும். தனிப் பயணிகளுக்கென்றே சிறு அறைகளை 2010-இல் நார்வீஜியன் எபிக் கப்பல் கொண்டுவந்தது. அவையும் நடைபாதையைப் பார்த்த ஜன்னல் கொண்ட உள்ளறைகள்தான். ஆகவே விதவைத் தாய்க்கு இரண்டில் ஒன்று நடக்கிறது. உங்கள் அறையில் மூன்றாவது, நான்காவது ஆளாகப் போடப்பட்டு, சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இழுத்துவிடும் படுக்கைக்குக் கீழே ஒரு சோபாவில் முடங்குகிறார். அல்லது, இரண்டு பேர் காசு கட்டுவதால் உள்ளதிலேயே மலிவானதைப் பார்த்து, தனியாக ஓர் உள்ளறையில் விடப்படுகிறார். கணவர் இறந்தபின் பேச ஆளின்றி நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, சந்தோஷப்படுத்துவதாக நினைத்து அழைத்துவந்து, இன்னும் நெருக்கமான நான்கு சுவருக்குள் வைக்கிறீர்கள். இதில் மட்டும் என்னால் சமாதானம் ஆகவே முடியவில்லை. தனியாக இருக்கும் தாய்க்கு உள்ளறை எடுக்காதீர்கள். காசு போதவில்லையென்றால் உங்கள் மகளை அவரோடு ஒரு ஜன்னல் அறையில் படுக்கவையுங்கள். இரண்டு பேருக்கும் அது நல்லது.

“அவர்களேதான் வேண்டாம் என்றார்கள்” என்பீர்கள். ஆமாம், சொல்லியிருப்பார்கள். “எங்களுக்கு எது இருந்தா என்னப்பா, வீண் செலவு எதுக்கு” என்று சொல்லாத பெற்றோர் நம்மில் உண்டா? பள்ளிக்கூட ஃபீஸ் கட்டிய காலத்திலிருந்து அவர்கள் தங்களுக்கு வேண்டியதற்கெல்லாம் அதே பதிலைத்தான் சொல்லி வருகிறார்கள். சிலர் இன்னொன்றும் சொல்வார்கள்: “எங்க தாத்தா ராஜூலா கப்பல்ல டெக்குல படுத்து வந்தவர், எங்களுக்கென்ன?” 1926-இல் கட்டப்பட்ட ராஜூலா, சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான நம் ஆட்களைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் தளத்தில் படுக்கவைத்து ஏற்றி வந்த கப்பல். அந்தத் தாத்தா வேறு வழியின்றி, பிழைக்க வந்தார். உங்கள் அப்பாவை நீங்கள் விருந்தாளியாக அழைத்திருக்கிறீர்கள். தாத்தா பட்ட கஷ்டத்தைக் காட்டிப் பேரனுக்கு உள்ளறை ஒதுக்குவது நியாயமாகாது.

“குழந்தைகளுக்குப் பால்கனி பிடிக்கும்” என்றும் சொல்வீர்கள். பிடிக்கும். முதல் பத்து நிமிடம். பிறகு கப்பலில் அவர்களுக்கு ஆயிரம் வேலை இருக்கிறது. சின்னக் குழந்தை உள்ள அறையில் பால்கனிக் கதவைப் பூட்டியே வைத்திருக்கும் தாய்மார் எத்தனையோ பேர்.

ஆகவே நான் கேட்பது இதுதான். அறைகளை மாற்றிப் போடுங்கள். ஒரே நடைபாதையில் எதிரெதிரே கதவு திறக்கும் இரண்டு அறைகளை எடுங்கள்: கடலைப் பார்த்தது அப்பா அம்மாவுக்கு, எதிரிலுள்ள உள்ளறை உங்களுக்கும் குழந்தைகளுக்கும். ஏறக்குறைய இப்போது நீங்கள் கட்டுகிற அதே பணம்தான். படுக்கும் ஆட்கள் மட்டும் மாறுகிறார்கள். நான்கு எட்டில் கதவைத் தட்டலாம். சாயங்காலம் எல்லோரும் அவர்கள் அறையில் கூடி உட்காரலாம். பால்கனியில் தாத்தா நாற்காலியில் இருக்க, பேரன் பக்கத்தில் நின்று மீன்பிடிப் படகுகளை எண்ணுவான். உள்ளறையில் ஒளி இல்லாததால் உங்கள் குழந்தைகள் காலையில் இன்னும் ஒரு மணி நேரம் அதிகமாகத் தூங்குவார்கள். அதற்கு நீங்களே எனக்கு நன்றி சொல்வீர்கள்.

பணத்துக்கு நெருக்கடி என்றால் பால்கனி வேண்டாம். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் மட்டும் உள்ள ஓஷன் வியூ அறை போதும். அதிலும் உயிர்காப்புப் படகு முன்னால் தொங்குவதால் ‘காட்சி மறைக்கப்பட்டது’ என்று விலை குறைத்துப் போட்டிருக்கும் அறைகளைக் கேட்டு வாங்குங்கள். பலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதியவருக்குக் கடல் முழுவதும் தெரிய வேண்டியதில்லை; மேல்தளத்தில் வேண்டிய அளவு பார்த்துக்கொள்வார். படகின் மேலே ஒரு கீற்று வானம் தெரிந்தாலும் பொழுது விடிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை முதியவர்களுக்கான அறைகளில் கொடுக்கும் காசுக்கு இதைவிட நல்ல தேர்வு இல்லை.

அவர்கள் உண்மையாகவே உள்ளறை வேண்டும் என்றால்? அப்படியும் உண்டு. கடலைப் பக்கத்தில் பார்த்தாலே பயப்படுகிறவர்கள், இருட்டில்தான் தூக்கம் வரும் என்கிறவர்கள். அவர்கள் விருப்பம் அதுவென்றால் யாரும் மாற்ற வேண்டாம். ஆனால் கம்பெனியே பின்னால் எண் ஒதுக்கும் மலிவுச் சீட்டை எடுக்காதீர்கள். நீங்கள் ஒரு கோடியிலும் அவர்கள் மறு கோடியிலும் இருக்க நேரும். கப்பலின் வரைபடத்தைத் திறந்து, நடுப்பகுதியில், மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில் எண்ணைப் பார்த்து எடுங்கள். நீச்சல்குளத்துக்கு நேர் கீழே வேண்டாம், நாற்காலி இழுக்கும் சத்தம் விடியும் முன்பே தொடங்கிவிடும். மின்தூக்கிக்கு நடக்கும் தூரம் குறைவாக இருக்கட்டும். நடை மிகவும் தளர்ந்தவர் என்றால், வாசலில் படியில்லாத, கைப்பிடிகள் உள்ள அறைகள் எல்லாப் பெரிய கப்பல்களிலும் உண்டு. உள்ளறை வகையிலும் உண்டு. முன்கூட்டியே கேட்டால்தான் கிடைக்கும். ஒரு சிறிய இரவு விளக்கும் டார்ச்சும் பெட்டியில் வையுங்கள். பல கப்பல்களில் தொலைக்காட்சியின் ஓர் அலைவரிசை கப்பலின் முன்பக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். சத்தத்தைக் குறைத்து அதை இரவு முழுவதும் ஓடவிட்டால், வெளியே விடியும்போது திரையும் வெளுக்கும். கதவின் வெளியே காந்தத்தில் ஒட்டும் ஒரு பூவையோ பேரன் வரைந்த படத்தையோ ஒட்டிவையுங்கள். கப்பல் சுவரும் கதவும் பெரும்பாலும் இரும்பு, ஒட்டிக்கொள்ளும். எண் மறந்தாலும் கதவு தெரியும்.

எந்த அறை எடுத்தாலும், ஆபத்துக்காலப் பயிற்சியின்போது அவர்களை அறையிலிருந்து கூடுமிடம் வரை ஒருமுறை படிக்கட்டு வழியாக நடத்திக்காட்டுங்கள். 2012 ஜனவரியில் இத்தாலியக் கடலோரத்தில் கோஸ்டா கன்கார்டியா சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு இன்னும் அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று விதி இறுகியது. மின்சாரம் போனால் உள்ளறை எப்படி இருக்கும் என்பதற்கு 2013 பிப்ரவரியில் மெக்சிகோ வளைகுடாவில் நின்றுபோன கார்னிவல் ட்ரையம்ஃப் சாட்சி: இயந்திர அறையில் தீப்பிடித்து நாலைந்து நாள் மிதந்த அந்தக் கப்பலில், உள்ளறைக்காரர்கள் இருட்டும் புழுக்கமும் தாங்காமல் மெத்தைகளை இழுத்துக்கொண்டு திறந்த தளத்தில் வந்து படுத்தார்கள். 2010 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட பயணிகள் கப்பல்களில், மின்சாரம் போனதும் கதவைக் காட்ட அறைக்குள் தானாக எரியும் விளக்கு குறைந்தது அரை மணி நேரம் இருக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள்.

கேட்பதையும் முறையாகக் கேளுங்கள். “உங்களுக்கு எந்த ரூம் வேண்டும்?” என்று போகிறபோக்கில் கேட்டால் பழைய பதில்தான் வரும். பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு அறைகளின் படத்தையும் காட்டுங்கள். “இதில் ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்குப் போட வேண்டும், கதவைத் திறந்தால் நடைபாதைதான்” என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். விலையைச் சொல்லாதீர்கள். அப்பா பதில் சொன்னபின் அம்மாவைத் தனியாகக் கேளுங்கள். நம் வீடுகளில் அப்பாவின் பதிலே அம்மாவின் பதிலாகிவிடுகிறது.

டிசம்பர் விடுமுறைக்கும் ஜூன் விடுமுறைக்கும் மாதங்களுக்கு முன்பே அறைகள் நிரம்பிவிடுகின்றன. முழுப் பணமும் கட்டியபின் அறை மாற்றுவது கடினம். மாற்றினாலும் எதிரெதிர் அறைகள் மிஞ்சியிருக்காது. ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் இன்றே அழைத்து, யார் பெயர் எந்த அறையில் இருக்கிறது என்று பாருங்கள். உள்ளறையில் அப்பா அம்மா பெயர் இருந்தால், கடைசித் தவணை கட்டும் நாளுக்கு முன்னால் மாற்றச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் அதுவரை இதைச் செய்து தருகின்றன. ஒரு தொலைபேசி அழைப்புதான். தயவுசெய்து செய்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அம்மா வயதுக்காரி ஒருத்தி